தினமும் நடந்தும் அம்மைக்குக் கால் வலு குறையுது, என்ன செய்யலாம்?

இரணியல்_வாசகி:
அம்மைக்கு 69 வயசு, எடை 58 கிலோ. சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை. தினமும் காலையில 40 நிமிஷம் நடக்காங்க. ஆனாலும் பஸ்ல ஏறும்போது கம்பியைப் பிடிச்சு உடம்பை இழுக்க வேண்டியிருக்கு. தரையில இருந்தா முட்டுல கை ஊன்றாம எழும்ப முடியல. காலையில புட்டும் பழமும், மத்தியானம் சோறும் ஒரு துண்டு மீனோட குழம்பும், ராத்திரி கஞ்சியும் துவையலும் சாப்பிடுவாங்க. குளிமுறி (குளியலறை) வீட்டுக்கு வெளியே, முற்றத்தைத் தாண்டிப் போகணும். நடையை ஒரு மணி நேரமா கூட்டினா சரியாகுமா?

தக்கலை_பிசியோ:
நடையைக் கூட்ட வேண்டாம், இருக்கிற 40 நிமிஷமே தாராளம். 65 தாண்டினவங்களுக்கு வாரம் 150 நிமிஷ மிதமான நடையோட, குறைந்தது ரெண்டு நாள் தசை வலுவுக்கும் மூணு நாள் தடுமாறாம நிற்கிறதுக்கும் பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு. நீங்க எழுதினதைப் பார்த்தா முதல் பங்கு நிறைவா இருக்கு, மற்ற ரெண்டும் இல்லவே இல்லை. சமதரையில நடக்கும்போது தொடையின் முன்தசைக்கும் பிட்டத் தசைக்கும் பாரம் குறைவு. பஸ் படி ஏறவும் தரையிலிருந்து எழும்பவும் அந்த ரெண்டும்தான் வேலை செய்யணும். நம்ம குமரி மாவட்டத்துல இன்னொரு சங்கடமும் உண்டு. ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை. வெளி நடையை மட்டும் நம்பினா வருஷத்துல ரெண்டு தடவை பழக்கம் அறுந்துபோகும். இந்த வயசுல ரெண்டு வாரம் அசையாம இருந்தாலே காலில தசை கரையும்.

முதல்ல அளந்து பாருங்க. கெண்டைக்காலின் பருத்த இடத்துல தையல் டேப்பைச் சுற்றினா பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. கால் வீங்கியிருந்தா இந்த அளவை நம்பாதீங்க. அடுத்து, கையை நெஞ்சில கட்டிக்கிட்டு நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எழும்பி உட்காரச் சொல்லி நேரம் பாருங்க. 12 விநாடியோ அதுக்கு மேலேயோ ஆனா வலு குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டுமே ஆசிய நிபுணர் குழு 2019-ல வகுத்த அளவு.

பயிற்சியும் இதே எழும்பி உட்கார்றதுதான். 17, 18 அங்குல உயரமுள்ள மர நாற்காலியை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. பிளாஸ்டிக் சேர் வேண்டாம். டைல்ஸ் தரையில பாரம் பின்னால சாயும்போது அதன் பின்கால் ரெண்டும் விரிஞ்சு வழுக்கும். இருக்கையின் முன்பாதியில உட்காரணும். பாதத்தை இடுப்பு அகலத்துக்கு விரிச்சு, முட்டுக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைக்கணும். மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற அளவு முன்னால குனிஞ்சு எழும்பணும். நிமிர்ந்தபடியே எழும்பப் பார்க்கிறதாலதான் பலருக்கும் முடியாமப் போகுது. உட்காரும்போது மனசுல நாலு எண்ணி மெதுவா இறங்கணும். வலு அதிகம் ஏறுறது இந்த இறக்கத்துலதான். தொப்புன்னு விழுந்தா பாதிப் பலன் போச்சு, முதுகெலும்புக்கும் அடி.

முதல் வாரம் அஞ்சஞ்சா ரெண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாசக் கடைசிக்குள்ள பத்துப் பத்தா மூணு சுற்றுக்கு வரலாம். அதுவும் லேசாத் தோணினா தண்ணி நிரப்பின ஒரு லிட்டர் பாட்டிலை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டுச் செய்யட்டும், ஒரு கிலோ பாரம் கூடும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லணும். மூச்சைப் பிடிச்சா பிரஷர் ஏறும். முட்டு ரெண்டும் உள்பக்கம் சாயுதான்னு எதிரே நின்னு பாருங்க. முட்டு வலிச்சா ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டு இருக்கையை உயர்த்துங்க. வலி மறுநாளும் நின்னா எண்ணிக்கையைக் குறைக்கணும். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், அளவு மீறின மூச்சிரைப்பு வந்தா அதோட நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும்.

தடுமாற்றத்துக்கு அடுக்களை மேடையே போதும். பால் காயும்வரை மேடையில விரல் தொட்டுக்கிட்டு, ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலுக்கு முன்னால ஒட்டி வச்சுப் பத்து விநாடி நிற்கணும், பிறகு கால் மாற்றணும். அப்புறம் குதிகாலைத் தூக்கி இறக்குறது பத்து தடவை. கண்ணை மூடிச் செய்ய வேண்டாம்.

பயறும்_சாளையும்:
பயிற்சி மட்டும் செஞ்சு சாப்பாடு இப்படியே இருந்தா தசை கூடாது. நீங்க எழுதினதுல புரதம் இருக்கிற நேரம் மத்தியானம் ஒண்ணுதான். வயசானவங்களுக்கு எடையில கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேணும். அம்மைக்கு ஒரு நாளைக்கு 58 முதல் 70 கிராம். ஒரே வேளையில கொட்டக்கூடாது, பிரிச்சுக் கொடுக்கணும்.

புட்டுக்குப் பழத்தை விட்டுட்டு 50 கிராம் சிறுபயறை (காய்ஞ்ச அளவு) வேகவச்சு, கூட ஒரு முட்டையும் கொடுங்க. பயறுல 11 கிராம் புரதம், முட்டையில 6, புட்டுமாவுல நாலஞ்சு. காலையிலேயே 20 தாண்டியாச்சு. சுகருக்கும் புட்டு-பழத்தைவிடப் புட்டு-பயறு நல்லது. மத்தியானம் சாளையோ அயலையோ முள் நீக்கின சதை 100 கிராம் இருந்தா 18 முதல் 20. குழம்புல மிதக்கிற ஒரு சின்னத் துண்டு அந்தக் கணக்குக்கு வராது. சாம்பாரை நம்பாதீங்க, ஒரு கரண்டியில 2 கிராம் தேறினாலே அதிகம். சாயங்காலம் 200 மில்லி பால், 6 கிராம். ராத்திரிக் கஞ்சி நல்ல சாப்பாடுதான், நம்ம ஊர்ல கஞ்சிக்குக் கூட்டே பயறுதானே! துவையல் இருந்த இடத்துல 30 கிராம் பயறைத் தோரனாக்கி (தேங்காய் போட்ட பொரியல்) வைங்க, 7 கிராம் கிடைக்கும். நெத்தோலியை முள்ளோட சாப்பிட முடிஞ்சா எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும். மரச்சீனிக்கிழங்குல (மரவள்ளி) புரதம் இல்லைன்னே வைங்க, 100 கிராமுக்கு ஒண்ணு ஒண்ணரைதான். அதனால கிழங்கு வைக்கிற அன்னிக்கு மீன் கூடுதலா இருக்கணும், கிழங்கு வெந்த தண்ணியை வழக்கம்போல வடிச்சுக் கீழே கொட்டிடணும்.

கஞ்சியோட ஊறுகாய், கருவாடு, பப்படம் மூணும் சேர்ந்தா உப்பு ஒரு நாளைக்கான 5 கிராமை எளிதாத் தாண்டும். பிரஷர் இருக்கிறவங்க தட்டுல ஒண்ணு போதும்.

முக்கியமானது: புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னால சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பாருங்க. சுகர் உள்ளவங்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமக் கெட்டிருக்கலாம். அப்படி இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்ற அளவுதான்.

மருந்துச்சீட்டு:
இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது வைட்டமின் பி12-ம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா அது குறையலாம். குறைஞ்சா பாதம் மரத்து, தரை எங்கே இருக்குன்னு காலுக்குத் தெரியாது. பலரும் அதை வெறும் தள்ளாமைன்னு நினைச்சிடுறாங்க.

பிரஷரைப் படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழும்பி நின்ன ஒண்ணாம் மூணாம் நிமிஷத்துல மறுபடியும் பாருங்க. மேல் அளவு 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ அந்தக் குறிப்போட டாக்டர்கிட்ட போங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தினமும் கட்டில் ஓரத்துல ஒண்ணு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து, குதிகாலை நாலஞ்சு தடவை அசைச்ச பிறகே எழும்பணும். தூக்க மாத்திரை, தூக்கம் வர்ற சளி மாத்திரை ஏதாவது எடுத்தா அதையும் சொல்லுங்க. ராத்திரி விழுறதுக்கு அதுவும் பெரிய காரணம்.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும். தேவைப்படுறவங்களுக்குப் பிசியோதெரபியும் அதுல உண்டு. ஊர் செவிலியர்கிட்ட கேளுங்க.

கைப்பிடி_கம்பி:
குளிமுறி வெளியேன்னு படிச்சதும் அதுதான் கவலையா இருக்கு. முற்றத்துப் பாசிக்கு ஒரு வாளித் தண்ணியில ரெண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, இருபது நிமிஷம் ஊறவிட்டு, ஈர்க்கு வாரியலால தேய்ச்சுக் கழுவுங்க. மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை வேணும். ஆசிட்டையோ கழிவறை கழுவுற திரவத்தையோ அதோட சேர்த்துடாதீங்க, விஷவாயு கிளம்பும். கழுவின தண்ணி கிணத்துப் பக்கம் போகாமப் பார்த்துக்கோங்க.

கைப்பிடிக்கு ஒண்ணேகால் முதல் ஒண்ணரை அங்குல எஸ்.எஸ். பைப். சுவருக்கும் பைப்புக்கும் நடுவுல ஒண்ணரை அங்குலம் விடணும், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். துவாலை போடுற கம்பியைப் பிடிச்சு எழும்ப விடாதீங்க, ஆள் பாரத்துக்கு அது பிடுங்கிக்கிட்டு வந்துடும். வெட்டுகல் (செம்புறாங்கல்) சுவர்னா பிளாஸ்டிக் பிளக் நிற்காது, கல் உதிரும். மறுபக்கம் வரை துளைச்சுப் பின்னால தகடு வச்சு போல்ட் முடுக்கணும். டைல்ஸைத் தட்டிப் பாருங்க, பொள்ளல் சத்தம் கேட்கிற இடத்துல துளை போடக்கூடாது. வாசல் படிகளின் விளிம்புல ரெண்டு அங்குல மஞ்சள் பெயின்ட் கோடு. மேலே தூரம், கீழே வாசிப்புன்னு இருக்கிற கண்ணாடி போட்டா குனிஞ்சு பார்க்கும்போது படி மங்கும், அந்தக் கோடு அப்போ கைகொடுக்கும்.

இரணியல்_வாசகி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மர ஸ்டூல் ஒண்ணு இருக்கு, அது போதுமா? அதோட, அம்மை இனிமேல் தரையில இருக்கிறதையே விட்டுடணுமா?

தக்கலை_பிசியோ:
ஸ்டூல் வேண்டாம்மா, சாய்மானம் இல்லைன்னா பின்னால விழுவாங்க. நாற்காலி கிடைக்கும்வரை கட்டில் விளிம்புல செய்யட்டும், மெத்தை அமுங்கக்கூடாது.

தரையில இருக்கிறதை விடவே கூடாது. ஒருவேளை விழுந்தாலும் எழும்பத் தெரிஞ்சிருக்கணும். ஒரு மாசம் கழிச்சு, பக்கத்துல நீங்க நின்னு பழக்குங்க. ஒருச்சாஞ்சு படுத்து, கையை ஊன்றி, நாலு காலில வரணும். அப்படியே தவழ்ந்து சுவரோடு இருக்கிற நாற்காலிகிட்ட போய், ரெண்டு கையையும் இருக்கையில வைக்கணும். வலுவுள்ள காலின் பாதத்தை முன்னால ஊன்றி, கையும் அந்தக் காலும் சேர்ந்து உந்தி எழும்பி, திரும்பி உட்காரணும். ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு அதுக்கப்புறம் நின்னா போதும். முட்டு உறுத்தினா கீழே கோரம்பாயை மடிச்சுப் போடுங்க. நிஜமாவே விழுந்து, இடுப்புல வலியோ, ஒரு கால் நீளம் குறைஞ்ச மாதிரியோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பினதாவோ தெரிஞ்சா இந்த முறையில எழுப்பாதீங்க. அசைக்காம அப்படியே படுக்கவச்சு 108-ஐக் கூப்பிடுங்க.