மறு: ‘ஆரஞ்சு மாஸ்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். வருடி (ஸ்கேனர்) பற்றிய நம் கையேட்டின் கலைச்சொற்கள் குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் இது. கலர் நெகட்டிவில் தெரியும் ஆரஞ்சு நிறத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு மாஸ்க்’ என்கிறார்கள்.

> மாஸ்க் என்றால் முகமூடிதானே. ‘ஆரஞ்சு முகமூடி’ என்றே வைத்துவிடலாம், எளிதாக இருக்கிறது.

எளிதுதான், ஆனால் பொருள் தப்பிவிடும். முகமூடி வெளியிலிருந்து மாட்டுவது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் பிலிம் படலத்துக்குள்ளேயே ஊறியிருப்பது. ஒரு நெகட்டிவ் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படத்துக்கும் படத்துக்கும் நடுவே வெளிச்சமே படாத மெல்லிய கீற்று இருக்கும். பிலிம் கழுவிய பிறகும் அங்கே பழுப்பு கலந்த ஆரஞ்சு அப்படியே நிற்கும்.

காரணம் சாயங்களின் குறை. பிலிமில் உள்ள மெஜந்தா (கருஞ்சிவப்பு) சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். கொஞ்சம் நீலத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. சியான் (நீலப்பச்சை) சாயத்திலும் இதே தொல்லை. இதைச் சரிக்கட்ட, சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருளுக்கே முன்கூட்டி மஞ்சளும் சிவப்புமாக நிறம் ஏற்றி வைக்கிறார்கள். சாயம் உருவாகும் இடத்தில் அந்த நிறம் அழியும், உருவாகாத இடத்தில் தங்கும். இரண்டும் சேர்ந்து குறையைப் படம் முழுக்க ஒரே சீராக்கிவிடும். சீரான குறையை மொத்தமாகக் கழித்துவிடலாம் அல்லவா?

ஆக, அது செய்கிற வேலை ஈடுகட்டுவது. ‘ஈடுநிறம்’ என்பது என் பரிந்துரை. படத்திருத்த மென்பொருள்களில் ஒரு பகுதியை மறைத்து வைக்கும் மாஸ்க் வேறு பொருள், அதோடு இது குழம்பாது.

> அப்படியானால் மென்பொருளில் வரும் ‘பிலிம் பேஸ் கலர்’ என்பதற்கும் ஈடுநிறம் போதுமா?

போதாது. வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமில் படத்தை உண்டாக்கும் சாயமே இல்லை, ஈடுநிறமும் இல்லை. ஆனாலும் அதன் வெற்றுப் பகுதியில் லேசான சாம்பல் இருக்கும், வருடி அதையும் அளந்தாக வேண்டும். அதற்கு ‘அடிநிறம்’ என்று வைக்கலாம். கலர் நெகட்டிவில் அடிநிறத்தின் பெரும்பகுதி ஈடுநிறம், அவ்வளவுதான்.

நம் கையேடு வீட்டில் வருடி வாங்கி மென்பொருள் தேடுபவர்களுக்கானது. அவர்கள் பொத்தானில் பார்க்கப்போவது அடிநிறத்தைத்தான். வியூஸ்கேன் என்ற வருடி மென்பொருளில் அந்த வெற்றுக் கீற்றை மட்டும் வெட்டிக் காட்டி, ஒளியளவைப் பூட்டி, மறுபடி முன்னோட்டம் பார்த்து, அடிநிறத்தையும் பூட்டலாம். அப்புறம் அந்தச் சுருளின் எல்லாப் படமும் ஒரே அளவுகோலில் வரும். ஒவ்வொரு படத்தையும் தானாகத் திருத்த விட்டால் ஒரே கல்யாணத்தின் அடுத்தடுத்த படங்களில் பட்டுப்புடவை வேறு வேறு நிறமாகிவிடும். இலவசப் படத்திருத்த மென்பொருளான டார்க்டேபிளில், நெகட்டிவை நேர்படமாக்கும் நெகடாக்டர் பகுதியிலும் முதல் வேலை இந்தக் கீற்றைத் தொட்டுக் காட்டுவதுதான். அதனால் நெகட்டிவுக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பவர்கள் ‘அடிநிறத்தை நானே காட்ட முடியுமா?’ என்று முதலில் பார்க்க வேண்டும். டிபிஐ (வருடும் நுணுக்கத்தின் அளவு) எண்ணெல்லாம் அதற்குப் பிறகு. காகிதப் படங்கள் மட்டும் என்றால் வருடியோடு வரும் மென்பொருளே போதும், காசு செலவழிக்க வேண்டாம்.

> நெகட்டிவ் என்பதை ‘எதிர்மறைப் படிமம்’ என்று மாற்றவில்லையே?

வேண்டாம். ஸ்டூடியோவில் போய் எதிர்மறைப் படிமம் கேட்டால் கொடுக்க ஆள் இல்லை. நெகட்டிவ் தமிழாகி ரொம்ப நாளாயிற்று.

> அகச்சிவப்புத் துப்புரவு – சரியா?

அகச்சிவப்பு ஒளியால் பிலிமின் தூசியையும் கீறலையும் கண்டு படத்திலிருந்து நீக்கும் வருடி வசதியின் பெயர் இது. அகச்சிவப்பு சரி, துப்புரவில்தான் எனக்கு நெருடல். மென்பொருள் எதையும் துடைப்பதில்லை. சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசியும் கீறலும் தடுக்கும். அப்படித் தடைபட்ட இடங்களைக் கண்டுபிடித்து, பக்கத்து நிறத்தால் நிரப்புகிறது. ‘அகச்சிவப்புத் தூசிநீக்கம்’ என்றால் கீறல் விடுபட்டுப்போகிறது, ‘அகச்சிவப்புப் பழுதுநீக்கம்’ என்றால் இரண்டும் அடங்கும். எதுவானாலும் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை வேண்டும்: வழக்கமான கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்கள்தான், வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். இந்த வசதியை அணைக்காமல் வருடினால் மென்பொருள் தாத்தாவின் மீசையையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

பழுதுநீக்கத்துக்கு மறுப்பிருந்தால் எழுதுங்கள். ஈடுநிறம், அடிநிறம் இரண்டையும் வரைவில் சேர்த்துவிட்டேன்.