தொட்டிக்கரித் திட்டத்தை ஊரே அளந்து பார்க்க வழி சொல்லுங்க

வணக்கமுங்க. எங்களுக்குக் காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம். தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கி மண்ணில் கலந்து, கார்பனை அங்கேயே நிறுத்தி வைக்கும் திட்டத்தோடு ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. கரியிலுள்ள ஒரு கிலோ கார்பன், எரிந்தால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு. அந்தக் கணக்கு சரி. ஆனால் எவ்வளவு கார்பன் மண்ணில் நின்றது என்று அளப்பதும் அவர்கள், அதற்கான சான்றான கார்பன் கிரெடிட்டை விற்பதும் அவர்கள். புகையும், கரியை அணைக்கிற தண்ணீரும் மட்டும் எங்களுக்கு. முன்பு ஒரு கரிக்குழி வந்தபோது எங்கள் கிணற்றுத் தண்ணீர் டீ நிறமாகி, மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

திட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லைங்க. நவம்பர் 1 கிராம சபையில் ஊர் மதிப்பீட்டுக் குழு ஒன்று கேட்கப் போகிறோம். மாடு மேய்க்கும் அக்காக்களும் கரி வேலைக்குப் போகிறவர்களும் அதில் இருந்தே ஆக வேண்டும். இப்போதே தண்ணீர் மாதிரி எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது? அப்புறம், கரி தோட்டத்துக்குப் போகிறதா, அடுப்புக்கு விற்கிறார்களா என்று எப்படிப் பின்தொடர்வது? எரித்துவிட்டால் எல்லாம் வீண்தானே. மண், தண்ணீர் பரிசோதனை தெரிந்தவர்கள், இப்படிக் குழு நடத்திய ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுங்க.