மைனஸ் ஐந்தரை பவர், லேசிக் செய்யலாமா? செய்தவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் சொல்லுங்கள்

நூல்கண்டு:

வணக்கம். எனக்கு 29 வயது, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது வலது கண் மைனஸ் 5.5, இடது கண் மைனஸ் 5, இரண்டிலும் 0.75 சிலிண்டர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்கான பவர்). இரண்டு வருடமாகப் பவர் மாறவில்லை.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். கண்ணாடியோடு போட்டோ அனுப்பினால் பதிலே வருவதில்லை என்று அம்மாவுக்கு மனக்கஷ்டம், அதனால் லேசரால் கண் பவரைச் சரிசெய்யும் லேசிக் அறுவையைச் செய்துகொள் என்கிறார். எனக்கு அந்தக் காரணத்துக்காகச் செய்வதில் விருப்பமில்லை. ஆனால் காரணம் வேறாக இருந்தாலும் ஆசை எனக்கும் உண்டு. மழையில் ஸ்கூட்டி ஓட்டும்போது, டையிங் யூனிட்டுக்குள் நுழைந்ததும் ஆவியடித்துக் கண் தெரியாமல் நிற்கும்போது, ராத்திரி எழுந்து கண்ணாடியைத் தேடிப் படுக்கையைத் தடவும்போதெல்லாம் போதுமடா சாமி என்றிருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன், பஞ்சுத் தூசியில் மாலைக்குள் கண் சிவந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு இடத்தில் விசாரித்தேன். கண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விலை சொல்லிவிட்டார்கள், இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் 10,000 ரூபாய் குறைவு என்று தினமும் போன் வருகிறது. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. செய்துகொண்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், வலித்ததா, வருந்தினீர்களா?

ரயிலடி:

2018இல் செய்துகொண்டேன், அப்போது வயது 26, பவர் மைனஸ் 4.25. வருந்தவில்லை. ஆனால் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் விஷயங்கள் சில உண்டு, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

வலி என்று பெரிதாக இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டுவார்கள், அந்த இழுவிசைதான் எனக்கு ஒத்துவரவில்லை. பிறகு ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து அழுத்தும்போது சில நொடிகள் பார்வை மங்கி இருட்டிவிடும். அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை, பயந்துவிட்டேன். அப்புறம் மேலே ஒரு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிரு என்றார்கள், லேசர் ஓடும்போது டக்டக்கென்று ஒரு சத்தம், முடி பொசுங்குவது போல ஒரு வாடை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடியது அரை நிமிடத்துக்கும் குறைவுதான். வீட்டுக்கு வந்ததும் நாலைந்து மணி நேரம் வெங்காயம் அரிந்த மாதிரி எரிச்சல், கண்ணீர் கொட்டியது. தூங்கி எழுந்தபோது அது போய்விட்டது.

கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எட்டு மாதம் கண் வறட்சி. காலையில் இமையைத் திறக்கும்போது காகிதம் ஒட்டினது போல இருக்கும். ஏசி அறையில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்பதால் செயற்கைக் கண்ணீர் பாட்டில் சட்டைப் பையிலேயே இருந்தது. ராத்திரி பைபாஸில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி தெரிந்தது. மூன்று மாதத்தில் அது குறைந்தது, ஆனால் அதுவரை இருட்டில் வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் தலைக்குக் குளிக்கவில்லை, தூங்கும்போது கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி. கண்ணைக் கசக்கவே கூடாது, இன்றுவரை கசக்குவதில்லை.

மணிமுத்தாறு:

எனக்கு லேசிக் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன், இப்போது அந்த டாக்டரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

சின்ன வயதிலிருந்தே அலர்ஜி, கண் அரிக்கும், புறங்கையை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பேன். லேசிக் சோதனைக்குப் போன இடத்தில் கருவிழியை வண்ண வண்ண வரைபடமாகக் காட்டினார்கள், அதில் கீழ்ப்பக்கம் ஒரு இடம் மட்டும் சிவப்பாகப் புடைத்திருந்தது. கெரடோகோனஸ், ஆரம்ப நிலை. கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னால் தள்ளும் நோய். அதன் மேல் லேசர் வைத்துச் சீவியிருந்தால் இன்னும் பலவீனமாகிக் கருவிழி மாற்று அறுவை வரைக்கும் போயிருக்கலாம். அதற்குப் பதிலாக ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டி இறுக்கும் சி3ஆர் சிகிச்சை செய்தார்கள். நோய் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடி அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

கண்ணைப் பார்க்காமலே விலை சொன்ன இடத்துக்கு மட்டும் போகாதீர்கள் சகோதரி. கண் தேய்க்கும் பழக்கம் இருந்தால் சோதனையின்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

வெள்ளெழுத்து:

பதினொரு வருடமாக ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பவர் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். உங்கள் கண்ணைப் பார்க்காமல் செய் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். லேசிக்கில் முதலில் 100, 110 மைக்ரான் அளவுக்கு ஒரு படலத்தை வெட்டிப் புத்தக அட்டை மாதிரி திறப்பார்கள். அடியில் லேசர் ஒரு பவருக்கு ஏறக்குறைய 13லிருந்து 15 மைக்ரான் வரை எடுக்கும். உங்கள் 5.5க்கு 75, 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதம் அடியில் 250க்குக் குறையவே கூடாது, 300 இருந்தால்தான் நிம்மதி. உங்களுக்கு 540 இருந்தால் பிரச்சினையில்லை, 490 என்றால் நானே யோசிப்பேன். அப்போது படலம் வெட்டாமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பிஆர்கே இருக்கிறது. நாலைந்து நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், ஆனால் கருவிழியின் பலம் அதிகம் மிஞ்சும். ஸ்மைல் என்பதில் படலம் கிடையாது, சின்னக் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுப்பார்கள். கருவிழி எதற்கும் இடம் கொடுக்காவிட்டால் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல். எது பொருந்தும் என்று கண்தான் சொல்ல வேண்டும், கடன் தவணையில் தருகிறார்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சோதனைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கருவிழியின் வடிவம் தப்பாக அளக்கப்படும். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரியவைத்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் பவர்க் கண் நீளமான கண், லேசர் முன்பக்கத்தைத்தான் மாற்றும். பின்னால் விழித்திரை இழுபட்டுக் கிழியும் அபாயம் கண்ணாடி போன பிறகும் அப்படியே இருக்கும்.

உங்கள் வேலையைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது வேறு. துணியின் தையலை எண்ணும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்ப்பீர்களா? மைனஸ் 5.5க்கு வெறும் கண்ணால் 18 சென்டிமீட்டரில் எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகத் தெரியும், பூதக்கண்ணாடி உள்ளேயே இருக்கிற மாதிரி. லேசிக் செய்தால் அது போய்விடும். இந்த வயதில் கண் சிரமப்பட்டுச் சமாளித்துவிடும், நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும்போது கிட்டப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும். ஒரு வாரம் கண்ணாடியைக் கழற்றாமலே துணி பாருங்கள், உங்களுக்கே பிடிபடும்.

செய்தால், செய்வதற்கு முன் எடுத்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்கிட அது பெரிய உதவி. 7.5க்குக் குறைந்த பவர் என்பதால் மருத்துவக் காப்பீட்டில் பணம் வராது.

கீழத்தெரு:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. எங்கள் சித்தப்பா மகன் அதைப் படிக்காமல் முதலில் கண்ணைச் செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடப் போனான். உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இதைப் படிக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன், அரசு வேலைக்குப் படிப்பவர்கள் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியைப் பார்த்துவிட்டுக் கண்ணில் கை வையுங்கள்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தள்ளுபடி போன் வந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் முழுச் சோதனை செய்துகொண்டேன், இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கருவிழி வலது 512, இடது 508. வடிவம் சரியாக இருக்கிறது, விழித்திரையில் ஒன்றுமில்லை. ஆனால் கீழிமையில் காகிதத் துண்டை மடித்து வைத்து ஐந்து நிமிடம் கண்ணீர் அளந்தார்களே, அதில் 6 மில்லிமீட்டர்தான் நனைந்தது. பஞ்சுத் தூசி என்று நான் நினைத்தது பாதிதான் உண்மை, இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு லேசர் செய்தால் வறட்சி கூடும், மூன்று மாதம் சிகிச்சை எடுத்துவிட்டு வா, செய்தாலும் உனக்கு பிஆர்கேதான் என்றார் டாக்டர்.

வெள்ளெழுத்து ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றாமல் நான்கு நாள் தையல் எண்ணினேன், சாயங்காலம் நெற்றியில் வலி. கழற்றிவிட்டுத் துணியை மூக்கருகே கொண்டுபோவது எனக்கு இவ்வளவு பெரிய கைமுதல் என்று இத்தனை வருடம் தெரியாது. பிக் கிளாஸ் (துணியில் இழை எண்ணும் சின்னப் பூதக்கண்ணாடி) வைத்துப் பழகிவிடலாம் என்றும் தோன்றுகிறது, ஆனால் இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவிடம் சோதனையில் எடுத்த கருவிழி வரைபடத்தையே காட்டி உட்கார்ந்து விளக்கினேன். கண்ணுக்குக் கெடுதல் வருமென்றால் வேண்டாம்டி என்று சொல்லிவிட்டார். போன ஞாயிறு புதுப் போட்டோ எடுத்தோம், கண்ணாடியோடுதான். இப்போது காலையிலும் இரவிலும் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், நான்கு வேளை சொட்டு மருந்து. ஐப்பசியில் மறுசோதனை, அப்போது அளவு என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.