ஃபங்ஷன் லைப்ரரிக்குள் இருக்கிறது, லிங்கர் இல்லை என்கிறது

நத்தைவேகம்:

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது கொஞ்சம் தள்ளிவிடுங்கள்.

சி++ ப்ராஜெக்ட், சிமேக்கில் (பில்டை ஏற்பாடு செய்யும் மென்பொருள்) பில்ட் ஆகிறது. ஒரு கருவியோடு பேசுவதற்கு அதைச் செய்தவர்கள் கொடுத்த இரண்டு ஸ்டாட்டிக் லைப்ரரிகளை (முன்பே கம்பைல் செய்து கட்டிவைத்த .ஏ ஃபைல்கள்) சேர்த்திருக்கிறோம், லிப்கோர்.ஏ, லிப்நெட்.ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெடர் ஃபைல்கள் மட்டும் உண்டு, சோர்ஸ் கிடையாது. என் பழைய கணினியில் ஒரு வருடமாக ஒரு முனகல் இல்லாமல் பில்ட் ஆகிவந்தது. போன வாரம் புதுக் கணினி வந்தது, அதே லினக்ஸ், அதே ஜிசிசி கம்பைலர் பதிப்பு, அதே கிட் கமிட். கம்பைல் எல்லாம் முடிந்து கடைசியில் லிங்கர் துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது 43 எரர், எல்லாமே "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்", அதாவது கூப்பிட்டது எங்கேயும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் மாதிரிக்கு:

அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு செஷன்::ஓபன்(எஸ்டிடி::__சிஎக்ஸ்எக்ஸ்11::பேசிக்_ஸ்ட்ரிங்<கேர், ...> கான்ஸ்ட்&)

சரி, லைப்ரரியில் அது இல்லையோ என்று என்எம் -சி (ஃபைலுக்குள் இருக்கும் பெயர்களைப் படிக்கும்படி காட்டும் கட்டளை) போட்டுத் தேடினேன். இருக்கிறது! பக்கத்தில் பெரிய டி எழுத்தோடு (ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்) இப்படி வருகிறது:

டி செஷன்::ஓபன்(எஸ்டிடி::ஸ்ட்ரிங் கான்ஸ்ட்&)

அதே கிளாஸ், அதே ஃபங்ஷன், அதே ஸ்ட்ரிங். லைப்ரரி பாதை தப்பென்றால் ஃபைலே இல்லை என்றல்லவா சொல்லியிருக்கும். பில்ட் ஃபோல்டரை நாலு முறை அழித்துவிட்டேன், கணினியை ரீஸ்டார்ட் கூடச் செய்துபார்த்தேன், சிரிக்காதீர்கள்.


கொக்கி:

சிமேக்லிஸ்ட்ஸில் டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ் வரியில் எது முதலில் இருக்கிறது? கோர் முதலில், நெட் அடுத்து என்று எழுதியிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. ஜிசிசியோடு வழக்கமாக வரும் எல்டி லிங்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவைதான் பார்க்கும். ஒரு .ஏ ஃபைலைத் திறக்கும்போது, அந்த நிமிடம்வரை யாரெல்லாம் தேடப்படுகிறார்களோ அவர்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மூடிவிடும். அப்புறம் நெட்டைத் திறந்து, அது கோரிலிருந்து ஏதாவது கேட்டால், "அந்தக் கடையைத் தாண்டி வந்தாச்சு" என்று கையை விரித்துவிடும். யாருக்குத் தேவையோ அவர் முன்னால், யார் கொடுக்கிறாரோ அவர் பின்னால், அதுதான் வரிசை. இரண்டும் ஒன்றையொன்று கேட்கிற ரகம் என்றால் --ஸ்டார்ட்-குரூப், --எண்ட்-குரூப் நடுவில் வைத்துவிடுங்கள்.

பழைய கணினியில் எல்டிக்குப் பதில் எல்எல்டி என்ற வேறு லிங்கர் ஓடியதா என்றும் பாருங்கள். எல்எல்டி தாண்டி வந்த லைப்ரரிகளில் என்னென்ன இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும், அதனால் வரிசை தப்பாக இருந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இந்த மாதிரி விஷயம் வருடக்கணக்கில் தெரியாமல் போவது அதனால்தான்.


துருப்பிடிக்காதவன்:

ரஸ்டுக்கு மாறுங்கள், கார்கோ பில்ட் என்று ஒரு வரி அடித்தால் முடிந்தது :)


கொக்கி:

அந்த .ஏ ஃபைலை ரஸ்டிலிருந்து கூப்பிட்டாலும் ஏதோ ஒரு லிங்கர் இதே வாசலில் நிற்கும் ப்ரோ.


நத்தைவேகம்:

கொக்கி, கோர்தான் முதலில் இருந்தது! மாற்றிப் போட்டேன், 43 எரர் 7 ஆகிவிட்டது. நன்றி நன்றி.

ஆனால் அந்த 7 அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்டார்ட்-குரூப்பும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு விஷயம் கவனித்தேன், ஏழுமே ஸ்ட்ரிங்கை வாங்குகிற அல்லது திருப்பித் தருகிற ஃபங்ஷன்கள். செஷன்::க்ளோஸ் மாதிரி ஸ்ட்ரிங் இல்லாதவை எல்லாம் ஒழுங்காக லிங்க் ஆகின்றன.


அரைத்தூக்கம்:

நீங்களே பதிலை எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். முதல் பதிவில் இருக்கிற இரண்டு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். லிங்கர் தேடுவது எஸ்டிடி::__சிஎக்ஸ்எக்ஸ்11::பேசிக்_ஸ்ட்ரிங். லைப்ரரியில் இருப்பது எஸ்டிடி::ஸ்ட்ரிங். "ஸ்ட்ரிங் என்பது பேசிக்_ஸ்ட்ரிங்குக்கு இன்னொரு பெயர்தானே" என்று நம் மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. லிங்கருக்கு அந்த ஞானம் கிடையாது, அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். என்எம்மில் -சி இல்லாமல் பாருங்கள், லைப்ரரியில் பெயரின் வால் ஆர், கே, பெரிய எஸ், சின்ன எஸ் என்று நாலே எழுத்தில் முடியும். உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைலில் அதே இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு வால் இருக்கும். இரண்டும் வேறு வேறு டைப்.

காரணம் பழையது. சி++11 தரம், ஸ்ட்ரிங்கைக் காப்பி எடுக்கும்போது உள்ளே ஒரே மெமரியைப் பங்குபோட்டு வைத்துக்கொண்டு மாற்றும்போது மட்டும் பிரிக்கிற பழைய உத்தியை ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 2015இல் ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றினார்கள், லிஸ்ட்டையும் சேர்த்து. பழைய புரோகிராம்கள் உடையக்கூடாது என்று புதியதை __சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற நேம்ஸ்பேஸுக்குள் வைத்தார்கள். ஓடும் நேரத்தில் வேண்டிய, ஜிசிசியின் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++க்குள் இரண்டும் இருக்கின்றன. எதை எடுக்க வேண்டும் என்பதை _ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ என்ற மேக்ரோ சொல்லும், 1 என்றால் புதியது, 0 என்றால் பழையது.

உங்கள் லைப்ரரி பழைய ஏபிஐயில் (கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான உள்ளமைப்பு விதி) கம்பைல் ஆனது. அந்த மேக்ரோவை 0 என்று வைத்து முழு ப்ராஜெக்ட்டையும் பில்ட் செய்து பாருங்கள். கோடுக்குள் டிஃபைன் எழுதாதீர்கள், எந்த ஹெடருக்கும் முன்னால் வர வேண்டும் என்பதால் கம்பைலருக்கு -டி ஆப்ஷனாகவே கொடுங்கள்.


நத்தைவேகம்:

அப்படியா, ஆனால் ஒன்று இடிக்கிறது. ரீட்எல்ஃப் வைத்து லைப்ரரியின் .காமென்ட் பகுதியைப் பார்த்தேன், "ஜிசிசி 7.3.1 (ரெட் ஹாட் 7.3.1-5)" என்று இருக்கிறது. 7 என்பது 5க்குப் பின்னால் வந்ததுதானே, புதிய ஏபிஐயாக அல்லவா இருக்க வேண்டும்?

0 வைத்தும் பார்த்துவிட்டேன். அந்த 7 எரரும் போய்விட்டது, பதிலுக்கு யாம்ல் (ஒரு செட்டிங்ஸ் ஃபைல் வடிவம்) படிக்கும் லைப்ரரியிலிருந்து 5 புது எரர். அதை டிஸ்ட்ரோவின் பேக்கேஜாக இன்ஸ்டால் செய்திருக்கிறேன். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் கிழிகிறது.


அரைத்தூக்கம்:

அந்த "ரெட் ஹாட்" என்ற சொல்தான் விடை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6, 7 பதிப்புகளுக்கு டெவ்டூல்செட் என்று புதிய ஜிசிசியைத் தனியாகக் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சிஸ்டத்தில் இருக்கும் லிப்எஸ்டிடிசி++ பழையது, 7இல் ஜிசிசி 4.8 காலத்தது, அதற்குள் புதிய ஸ்ட்ரிங்கே கிடையாது. அதனால் டெவ்டூல்செட் எப்போதும் பழைய ஏபிஐயில்தான் கம்பைல் செய்யும், மேக்ரோவை 1 என்று நீங்கள் எழுதினாலும் கண்டுகொள்ளாது. கம்பைலர் புதிது, ஸ்ட்ரிங் பழசு. அதனால் ஏபிஐ எது என்று தெரிய கம்பைலர் பதிப்பைப் பார்ப்பதில் பயனில்லை, சிம்பல்களில், அதாவது என்எம் காட்டும் பெயர்களில், __சிஎக்ஸ்எக்ஸ்11 இருக்கிறதா என்று தேடுவதுதான் ஒழுங்கான வழி.

யாம்ல் பேக்கேஜ் புதிய ஏபிஐ, அதனால் மோதல். இரண்டையும் ஒரே புரோகிராமில் வைக்க முடியும், நடுவில் ஸ்ட்ரிங் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஒரே ஒரு .சிபிபி ஃபைல் எழுதுங்கள், அதைத் தனி டார்கெட்டாக வைத்து, அதற்கு மட்டும் மேக்ரோ 0. உள்ளே லைப்ரரியை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வெளியே தெரிவது எக்ஸ்டர்ன் "சி" ஃபங்ஷன்களாக (சி மொழி பாணியில் பெயர் மட்டும் தெரிபவை), கான்ஸ்ட் கேர்*, இன்ட் மட்டும் வாங்குபவையாக இருக்கட்டும். எக்ஸெப்ஷன் வந்தால் அங்கேயே பிடித்து எரர் நம்பராக மாற்றிவிடுங்கள், வெளியே விடாதீர்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின் மற்ற ஹெடர்களை அந்த ஃபைலில் இன்க்ளூட் செய்யவும் கூடாது.


பாதிவழி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அவர்கள் கொடுத்த ஹெடரில் ஸ்ட்ரிங்கை உள்ளே வைத்திருக்கிற ஸ்ட்ரக்ட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்த 7 எரரைவிட அதுதான் ஆபத்து.

ஃபங்ஷனின் பெயரில் ஸ்ட்ரிங் நேரடியாக வந்தால் லிங்கர் கத்தும். ஆனால் அப்ளை(செட்டிங்ஸ் கான்ஸ்ட்&) என்று ஒரு ஃபங்ஷன், செட்டிங்ஸுக்குள்ளே ஸ்ட்ரிங் என்றால், பெயரில் வெறும் செட்டிங்ஸ்தான் இருக்கும். இரண்டு ஏபிஐயிலும் ஒரே பெயர். சத்தமில்லாமல் லிங்க் ஆகிவிடும்.

நான் இதில் மாட்டியிருக்கிறேன். ஸ்ட்ரக்ட்டில் இரண்டே இரண்டு, ஸ்ட்ரிங் ஹோஸ்ட், அதற்குப் பின் இன்ட் போர்ட். 8080 என்று கொடுத்தால் லைப்ரரி 9ஆம் போர்ட்டுக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஹோஸ்ட் பெயரை மட்டும் லாகில் சரியாக "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதியது. 9 எங்கிருந்து வருகிறது என்று கோடு முழுக்கத் தேடினேன், எங்கேயும் 9 இல்லை. ஹோஸ்ட்டை 127.0.0.1 என்று மாற்றினேன், அப்போதும் 9. இரண்டு நாள் போனது.

64 பிட்டில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட், ஒரே ஒரு பாயிண்டர். புதியது 32 பைட், பாயிண்டர், அடுத்து நீளம், அப்புறம் சின்ன ஸ்ட்ரிங்கை அங்கேயே வைத்துக்கொள்ள 16 பைட் இடம். பழைய ஏபிஐயில் பிறந்த லைப்ரரி, "8 பைட் தாண்டினால் போர்ட்" என்று நினைத்துப் படிக்கிறது. புதிய அமைப்பில் அங்கே இருப்பது ஹோஸ்ட் பெயரின் நீளம். ஆங்கிலத்தில் லோக்கல்ஹோஸ்ட் 9 எழுத்து. புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 127.0.0.1 கூட 9தான்! முதல் 8 பைட் இரண்டு அமைப்பிலும் எழுத்துகளைக் காட்டும் பாயிண்டர்தான் என்பதால் ஹோஸ்ட் மட்டும் நல்ல பிள்ளையாக அச்சாகியிருக்கிறது.

ஜிசிசியில் -டபிள்யூஏபிஐ-டேக் என்று ஒரு வார்னிங் உண்டு, இந்த மாதிரி ஸ்ட்ரக்ட்டைக் காட்டிக்கொடுக்கும். போட்டுப் பாருங்கள்.


நத்தைவேகம்:

வயிற்றைக் கலக்குகிறது. ஹெடரில் அப்படி ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது, உள்ளே மூன்று ஸ்ட்ரிங். அதை வாங்கும் ஃபங்ஷன் அந்த 7 எரர் பட்டியலில் இல்லவே இல்லை.


கொக்கி:

அதையும் அந்தத் தனி ஃபைலுக்குள்ளேயே கட்டிப்போடுங்கள், வெளியே அந்த ஹெடரை யாரும் இன்க்ளூட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பழைய கணினியில் இது எப்படி ஓடியது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அங்கே பில்ட் ஃபோல்டரில் சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டியைத் திறந்து சிஎக்ஸ்எக்ஸ்_ஃப்ளாக்ஸ், லிங்கர்_ஃப்ளாக்ஸ் என்று தேடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.


நத்தைவேகம்:

கொக்கி, உங்கள் வாயில் சர்க்கரை. அந்த ஃபைலில் இரண்டும் இருக்கின்றன. சிஎக்ஸ்எக்ஸ்_ஃப்ளாக்ஸில் அந்த மேக்ரோ 0, லிங்கர்_ஃப்ளாக்ஸில் -ஃப்யூஸ்-எல்டி=எல்எல்டி. ஒரு வருடத்துக்கு முன்னால் முதல் முறை சிமேக்கை ஓட்டியபோது யாரோ சொன்னதை அப்படியே கமாண்ட் லைனில் ஒட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரை ஒருமுறைகூட அழிக்கவில்லை. சிமேக் அதை நினைவில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறது, நான்தான் மறந்துவிட்டேன். கிட்டில் எங்கேயும் அது இல்லை. யாம்ல் லைப்ரரி அங்கே ஏன் மோதவில்லை என்பதும் புரிந்தது, அந்தக் கணினியில் அதைப் பேக்கேஜாக வாங்காமல் நானே சோர்ஸிலிருந்து அதே ஃப்ளாக்கோடு கம்பைல் செய்து போட்டிருக்கிறேன்.

இப்போது நிலவரம்: தனி டார்கெட், ஒரே .சிபிபி, 11 ஃபங்ஷன், சுமார் 200 வரி. மேக்ரோ அதற்கு மட்டும். நெட் முன்னால், கோர் பின்னால். லிங்க் ஆகிறது, கருவியும் பேசுகிறது, அந்த மூன்று ஸ்ட்ரிங் ஸ்ட்ரக்ட்டில் அனுப்பிய எண்கள் எல்லாம் அனுப்பியபடியே போய்ச் சேர்கின்றன, அதை மட்டும் தனியாக டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். லைப்ரரி கொடுத்தவர்களிடம் புதிய ஏபிஐயில் ஒரு பில்ட் கேட்டு எழுதியிருக்கிறேன், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று தானியங்கிப் பதில் வந்திருக்கிறது.

ஆசைக்காகப் பழைய கணினியில் பழைய கமிட்டை வைத்து சிமேக் --ஃப்ரெஷ் (பழைய நினைவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் ஆப்ஷன்) ஓட்டிப் பார்த்தேன். 48 எரர். இங்கே வந்த அதே 43, அதோடு நானே கம்பைல் செய்த யாம்லுக்கு 5.


கொக்கி:

--ஃப்ரெஷ் சிமேக் 3.24இலிருந்துதான், அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் பில்ட் ஃபோல்டரைக் கையால் அழித்துக்கொள்ளுங்கள்.