ஹார்வர்டில் இருக்கும் மதுரை மிஷன் கடிதங்கள்: யாராவது நகல் வாங்கியிருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் தாத்தாவின் அப்பா பசுமலையில் மிஷன் பள்ளி வாத்தியார். அவர் எழுதிய சில தாள்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மடிப்பெல்லாம் பூச்சி அரித்து, மை பழுப்பேறிக் கிடக்கிறது.

1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. நம்மூர் சங்கதிக்குக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! அங்கே மின்னஞ்சலில் கேட்டு நகல் வாங்கியவர்கள் உண்டா? பாதிரியார் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா, ஊரும் வருடமும் போதுமா? உபதேசியார், வாத்தியார் பெயரெல்லாம் அந்த அறிக்கைகளில் வருமா?

அப்புறம், பழைய தமிழ்க் கையெழுத்தைச் சரளமாக வாசிப்பவர் மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். லேமினேஷன் யோசனை மட்டும் வேண்டாம், தாள் கெட்டுவிடும்.