மறு: மறு: ‘அக்கூஸ்டிக் டிஃப்யூசர்’ – தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம்.
கட்டடக்கலை மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் முடித்தாக வேண்டும். லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் மாட்டிக்கொண்டேன். 1871-இல் திறந்த நாள்முதல் எதிரொலித் தொல்லை. குவிமாடம் ஏறத்தாழ 41 மீட்டர் உயரம். மேலே போன ஒலி கால் நொடி கழித்துத் திரும்புகிறது. மாடத்தில் கைவைக்காமல், 1969-இல் அதன் கீழே கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ஒலியைப் பல திசைக்குப் பிரித்துவிடும் அந்தத் தட்டுக்குத்தான் பெயர் வேண்டும். ‘ஒலிபரப்பி’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த தம்பி, வானொலிப் பெட்டியா என்று கேட்கிறான்.
– க.

ஒலிச்சிதறி. ஒளிச்சிதறலைப் பள்ளியிலேயே படித்திருப்பார்கள், விளக்கவே வேண்டாம்.
– ந.

சிதறு என்றதும் சிதறுதேங்காய்தான் நினைவுக்கு வருகிறது. இந்தத் தட்டு எதையும் உடைக்கவில்லையே அம்மா. தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றாரே, அந்த விரவு இருக்கிறது: ஒலிவிரவி. கூடவே ஒன்று. அவருடைய உரியியலில் துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கும் இசைப்பொருள், அதாவது ஒலியைக் குறிப்பவை. அரங்கில் ஒலி உடனே அடங்காமல் நீடிப்பதை எதிர்முழக்கம் என்று நீட்டுவானேன்? ‘சிலைப்பு’ போதும்.
– செ.

ஐயா, விரவுப்பெயர் இரு திணைக்கும் பொது. அங்கே விரவுதல் கலத்தல். இங்கே ஒலி பல திசைக்குப் பிரிகிறது. ‘அரங்கின் சிலைப்பு நேரம்’ என்று எழுதினால் பிள்ளைகள் சிற்பியைத் தேடுவார்கள்.
– ந.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். குவிமாடம் பேருக்கேற்ப ஒலியையும் குவிக்கிறது. குவிப்புக்கு எதிர் விரிப்பு. ஒலிவிரிப்பி எண்டால் என்ன? லண்டனில் அதைக் காளான் எண்டுதான் சொல்லுறவை. அதையும் அடைப்புக்குள்ள போடுங்கோ.
– வ.

அழகான சொல், அண்ணா. ஆனால் பாடநூலில் குவிப்பது குழியாடி, விரிப்பது குவியாடி. குவிமாடத்தின் உட்புறம் குழி. ஒரே பத்தியில் இவ்வளவும் வந்தால் என் வகுப்பு தாங்காது.
– ந.

நேரமில்லை. முதலிடத்தில் ‘ஒலிச்சிதறி (டிஃப்யூசர்)’, பிறகு ஒலிச்சிதறி மட்டும். படத்தின் கீழே ‘காளான்’. மூவர் தனிமடலில் ஒப்பினார்கள்.
– க.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். முதலில் 135 தட்டுகள். பிறகு ஒலியை அளந்து பார்த்து 85 ஆகக் குறைத்து, இடம் மாற்றி அடுக்கினார்கள். அத்தனை கணக்காகச் செய்ததைச் சிதறல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரவிக்கு இன்னொரு சான்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
– செ.