எத்தனால் 100: இ20 காரில் ஊற்றலாமா, ஃபிளெக்ஸ் கார் வரும்வரை காத்திருக்கலாமா?

கொங்குவாசி:
வணக்கம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தில்லி ஆகிய இடங்களில் 183 பங்க்குகளில் எத்தனால் 100 (கிட்டத்தட்ட முழுவதும் எத்தனாலான எரிபொருள்) கிடைக்கும் என 2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் அறிவித்தது. என் கார் 2023ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இ20 பெட்ரோலுக்கு, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று கையேட்டில் உள்ளது. அந்த எரிபொருளை இதில் பாதி கலந்து ஓட்டலாமா? அல்லது பெட்ரோல், எத்தனால் இரண்டின் எந்தக் கலவையிலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார் வரும்வரை காத்திருக்கலாமா?

பட்டறை அனுபவம்:
தயவுசெய்து கலக்காதீர்கள், ஐயா. 20 விழுக்காடு எத்தனாலை ரப்பர் குழாய்களும் சீல்களும் தாங்கும், எஞ்சின் கணினியும் அந்த அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே இ20க்கு ஏற்றது என்பதன் பொருள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனாலை ஒன்றரை மடங்குக்கும் மேலாகத் தெளித்தாக வேண்டும். ஃபிளெக்ஸ் கார் கலவை விகிதத்தைத் தானே அறிந்து தெளிப்பைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் காரால் அவ்வளவு தூரம் ஈடுகட்ட இயலாது.

விதிநூல்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். காரை எத்தனாலுக்கு மாற்றும் கருவியைப் பொருத்தினால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஒப்புதல் பெற்ற கருவிக்கு மட்டுமே விலக்கு உண்டு.

கரும்பு வட்டாரம்:
காத்திருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் ஃபிளெக்ஸ் மாதிரியை அமைச்சர் நிதின் கட்கரி அறிமுகப்படுத்தினார். ஆனால் அதன்பின் கடைக்கு வந்தவை ஹோண்டா சிபி300எஃப், சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250 போன்ற இருசக்கர வண்டிகளே.

என் பார்வையில் தடை எஞ்சினில் இல்லை, விலையில் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 2003 முதல் ஃபிளெக்ஸ் கார் ஓட்டும் பிரேசில் மக்கள், எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பங்க்கில் எதை நிரப்புவது என முடிவு செய்கிறார்கள். பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நம் ஊரில் எத்தனால் எழுபது ரூபாய்க்குக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். மக்காச்சோள எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கும் விலையே, வரியும் போக்குவரத்துச் செலவும் சேராமல், லிட்டருக்கு 71.86 ரூபாய். போதாக்குறைக்கு, சர்க்கரைத் தட்டுப்பாடு வருமோ என்று அஞ்சி 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க அரசே கட்டுப்பாடு விதித்தது. அடுத்த ஆண்டுதான் அதைத் தளர்த்தினார்கள். மழை பொய்த்தால் வரத்தும் குறையும் எரிபொருள் இது. கரும்பும் சோளமும் விளைவிக்கும் எங்களுக்கு இத்திட்டம் வெல்ல வேண்டும் என்ற ஆசை நிறையவே உண்டு. அதற்கு விற்பனை வரியில் சலுகை வேண்டும். உங்களுக்கு இப்போது இன்னொரு கார் தேவையென்றால் இ20 காரையே வாங்குங்கள்.